பின்னால் நிற்பவர்கள்



அண்மையில் நிக்காஹ் நடந்த எந்த இல்லத்துக்கேனும் சென்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாராயினும் பெண் வீட்டாராயினும் தேநீரோடு கனத்த ஆல்பம் ஒன்றையும் கொண்டுவந்து தங்கள் மடியில் வைப்பார்கள். முதற் பக்கத்தைப் புரட்டியவுடனேயே மாப்பிள்ளையின் முகம் தென்படும். தலைப்பாகையின் சரிகை, மார்பில் தொங்கும் மாலையின் ஒவ்வோர் இதழ் என அனைத்தும் தெள்ளத் தெளிவாக இருக்கும். அவருக்குப் பின்னாலோ ஏதுமில்லை! பந்தல் இல்லை, பந்தலில் அமர்ந்திருந்த முந்நூறு பேர் இல்லை, சஹன்களைச் சுமந்து ஓடிய இளைஞர்கள் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் வண்ணக் கலங்கல் ஒன்று பரவிக் கிடக்கும். அதனூடே மஞ்சளும் நீலமுமாக ஒளி வட்டங்கள் மிதக்கும்.

"ஆகா, என்ன அழகு!" என்கிறோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டங்கள் எவை? பந்தலில் வட்டமான விளக்குகள் எவையும் தொங்கவில்லையே! கடுகளவுச் சரவிளக்குகள்தாமே கட்டப்பட்டிருந்தன? ஒரு கடுகு எவ்வாறு நாணயமாயிற்று? என்னிடம் ஓதும் பத்து வயது மாணவன் ஒருவன் தன் காக்காவின் நிக்காஹ் படத்தைக் கொண்டுவந்து காட்டி இந்தக் கேள்வியைக் கேட்டான். அன்று தொடங்கிய தேடலைத்தான் தங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். வரலாறு படித்த கலைப் பட்டதாரி. காலையும் மாலையும் மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய மச்சான் தம் பழைய கேமராவையும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் என்னிடம் விட்டுச் சென்றார். விடுமுறை நாட்களில் அவற்றை எடுத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. உருவப்படம் பற்றிய மார்க்க விவாதத்தினுள் நான் இங்கு நுழையப் போவதில்லை; அதற்குரிய ஆலிம்கள் இருக்கிறார்கள். ஹஜ் விண்ணப்பம் முதல் பள்ளிக்கூட அடையாள அட்டை வரை படமின்றி எதுவும் நகராத காலத்தில் நாம் வாழ்கிறோம் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

அந்த மாணவனின் கேள்விக்கு விடை தேடப் போனால் ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்து, ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம். அவருடைய ஒளியியல் பெருநூலான 'கிதாபுல் மனாழிர்' லத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. 'கேமராவைக் கண்டுபிடித்தவரே நம்மவர்தாம்' என்று மேடைகளில் ஒரே வரியில் முழங்கிக் கைதட்டல் பெறுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துளை வழியே பிம்பம் விழுவதைச் சீனரும் கிரேக்கரும் அவருக்கு முன்பே குறித்திருக்கின்றனர். படம் பிடிக்கும் கருவியோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் வந்தது. அவர் செய்தது இந்த முழக்கத்தைக் காட்டிலும் நுட்பமானது. கிரகணத்தின் வடிவம் குறித்து அவர் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். சூரிய கிரகணத்தின்போது சிறிய துளை வழியே விழும் ஒளி பிறை வடிவில் தெரிகிறது. துளை பெரிதானால் அந்தப் பிறை மறைந்துவிடுகிறது. ஏன் என்று ஆராய்ந்ததே அந்நூல்.

இதைத் தாங்களும் கண்டிருக்கலாம். 26.12.2019 அன்று காலை கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியே வளைய சூரிய கிரகணம் கடந்து சென்றது நினைவிருக்கும். எங்கள் கடற்கரை ஊரில் சூரியன் மெல்லிய பிறையாய்க் குறைந்தது. தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் நூற்றுக்கணக்கான சிறு பிறைகள் மண்ணில் கிடந்தன. பிள்ளைகள் அவற்றைக் கைகளில் ஏந்திப் பார்த்தார்கள்! இலைகளுக்கிடையே இருந்த ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஒரு கேமராவாக வேலை செய்துகொண்டிருந்தது. ஓர் அட்டையில் சிறிய முக்கோணத் துளை இட்டுத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தேன், பிறைதான் விழுந்தது. அதே அட்டையில் நான்கு விரல் அகலத்துக்கு முக்கோணமாக வெட்டிப் பிடித்தேன். பிறை போயிற்று, முக்கோணம் விழுந்தது.

துளை சிறிதாயின் பொருளின் வடிவம் விழும். துளை பெரிதாயின் துளையின் வடிவமே விழும். இதைப் பிடித்துக்கொண்டால் ஆல்பத்தின் மர்மம் பாதி விளங்கிவிடும்.

லென்ஸ் என்பதும் ஒரு துளைதான். கண்ணாடி பொருத்திய பெரிய துளை. ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் ஒளியை அந்தக் கண்ணாடி மீண்டும் ஒரே புள்ளியாகக் கூட்டித் தருகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருப்பவற்றுக்கு மட்டுமே அதனால் அவ்வாறு செய்ய இயலும். மாப்பிள்ளையின் முகத்துக்குக் கூர்மை வைத்தால், அவருக்கு வெகு பின்னால் எரியும் சரவிளக்கின் ஒளி, படத்தகட்டை அடையும் முன்பே ஒன்றுகூடிவிட்டு மறுபடி விரிந்து வந்து விழும். விரிந்த அந்த ஒளிக்கு விளக்கின் வடிவம் இராது. தான் நுழைந்து வந்த துளையின் வடிவமே இருக்கும். ஆல்பத்தில் மிதக்கும் வட்டங்கள் விளக்குகள் அல்ல, நேயர்களே. அவை லென்ஸின் வாசல்!

இந்த வாசலைத் திறக்கவும் ஒடுக்கவும் லென்ஸின் உள்ளே மெல்லிய தகடுகள் விசிறிபோல் அடுக்கப்பட்டிருக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் குறிக்க 'எஃப்' எண்கள் உண்டு: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. இவ்வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். எண் பெருகப் பெருகத் துளை சிறுத்துப்போவது முதலில் குழப்பமாகத் தோன்றும். எஃப் என்பது லென்ஸின் குவிய தூரம். அதைப் பக்கத்திலுள்ள எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும், அவ்வளவுதான். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மில்லிமீட்டர். எஃப் 8 என்றால் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இதிலே கணக்கு அறியாதவரும் வியக்கத்தக்க எளிய உண்மை ஒன்று இருக்கிறது. முகத்துக்குக் கூர்மை வைத்துப் படம் எடுக்கும்போது, கண்ணுக்கெட்டாத தூரத்தில் எரியும் ஒரு விளக்கு படத்தில் எவ்வளவு பெரிய வட்டமாகும்? துளை எத்தனை மில்லிமீட்டரோ, அந்த முகத்தின் அருகே வைத்துப் பார்த்தால் வட்டமும் மிகச் சரியாக அத்தனை மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8க்குத் திறந்தால் துளை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். மாப்பிள்ளையின் கன்னத்தருகே ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்தால் எவ்வளவு தெரியுமோ, தொலைதூர விளக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும். எஃப் 8க்கு ஒடுக்கினால் அது ஒரு கறுப்புக் கொண்டைக்கடலை. எஃப் 16 என்றால் கொத்துமல்லி விதை. கேமராக்காரர் முன்னே வந்தாலும் பின்னே போனாலும் இந்த அளவு மாறாது. முகம் படத்தில் பெரிதாகும்போது வட்டமும் அதனோடு சேர்ந்து பெரிதாகும்.

கூர்மையாக விழும் பகுதியின் ஆழமும் இவ்வாறே சுருங்கி விரியும். 2 மீட்டர் தூரத்தில் நிற்பவரை இதே லென்ஸில், 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தால், எஃப் 1.8இல் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக இருக்கும். கண்கள் தெளிந்தால் தோளுக்குப் பின்னே கலங்கல் தொடங்கிவிடும். எஃப் 8இல் அந்த ஆழம் 78 சென்டிமீட்டர். எஃப் 16இல் ஒன்றே முக்கால் மீட்டர்.

பின்னணியைக் கலக்கத்தான் பெரிய துளை செய்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வெளிச்சத்துக்காகச் செய்தார்கள். 1839இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது லென்ஸ்கள் மிகச் சிறிய துளை உடையனவாக இருந்தன. உட்கார்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித மேதை எஃப் 3.6 அளவுக்குத் திறக்கும் லென்ஸை வடிவமைத்தார். உருவப்படம் எளிதாயிற்று. கலங்கல் கூடவே வந்த விருந்தாளி. அந்த விருந்தாளிதான் இன்று வீட்டுக்காரராகிவிட்டார்!

நிற்க. கலங்கல் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எத்தகையது என்பது வேறொரு கேள்வி. ஒரே குவிய தூரமும் ஒரே எஃப் எண்ணும் கொண்ட இரு லென்ஸ்களில் ஒன்றின் பின்னணி பால் வடிந்ததுபோல் அமைதியாக இருக்கும். மற்றொன்றின் பின்னணியோ கண்ணை உறுத்தும். இந்தத் தன்மையைப் பற்றி நெடுநாள் பேசியவர்கள் ஜப்பானியர். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் 'பொகே'. மங்கல், கலங்கல் என்று பொருள். முதுமையில் நினைவு மங்கிப் போவதையும் அச்சொல் குறிக்கும். 1997இல் 'போட்டோ டெக்னிக்ஸ்' என்ற அமெரிக்க இதழின் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன், ஆங்கிலம் அறிந்தோர் சரியாக உச்சரிக்க வேண்டும் என்பதற்காக அதன் ஈற்றில் ஓர் எழுத்தைச் சேர்த்து அச்சிட்டார். அப்போதுதான் அச்சொல் உலகெங்கும் பரவிற்று. (விழா மேடைகளில் பிரமுகர்களுக்குக் கொடுக்கும் 'பொக்கே' வேறு. எங்கள் ஊர் ஸ்டூடியோத் தம்பி இரண்டும் ஒன்றே என்று இன்றளவும் நம்பிக்கொண்டிருக்கிறார்!)

மச்சான் விட்டுச் சென்ற லென்ஸ், கேனன் நிறுவனம் 1990இல் வெளியிட்ட 50 மில்லிமீட்டர், எஃப் 1.8. விலை மலிவு, உடல் முழுதும் பிளாஸ்டிக், உலகெங்கும் லட்சக்கணக்கானோர் கையில் புழங்கியது. அதன் வாசலில் ஐந்து தகடுகள்தாம் உண்டு. முழுவதும் திறந்திருக்கும்போது தகடுகள் விலகி நிற்பதால் பின்னணி விளக்குகள் வட்டமாகும். எஃப் 2.8க்கு ஒடுக்கிய மாத்திரத்தில் அத்தனை விளக்குகளும் ஐங்கோணங்களாக மாறிவிடும்! வேப்பமரத்தடியில் நான் வெட்டிய முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கதைதான். 2015இல் இதற்கு மாற்றாக வந்த லென்ஸில் ஏழு தகடுகள், விளிம்புகளும் வளைவாக்கப்பட்டவை. அதனால் சற்று ஒடுக்கினாலும் வட்டம் கெடுவதில்லை.

படத்தின் ஓரங்களைக் கூர்ந்து நோக்கினால் இன்னொன்று தென்படும். நடுவில் வட்டமாக இருக்கும் விளக்குகள் ஓரத்தில் பூனையின் கண்போல் ஒடுங்கி நிற்கும். நீண்ட குழாய் ஒன்றை நேராகப் பார்த்தால் வாய் வட்டமாகவும், சாய்த்துப் பார்த்தால் இரு பக்க விளிம்புகளும் வெட்டிக்கொண்டு ஒடுங்கியும் தெரிவதில்லையா? அதுவே காரணம். இரண்டொரு படிகள் ஒடுக்கினால் இது குறைந்துவிடும். என் லாத்தாவின் மகன் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2 என்ற பழைய லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான். ஜெர்மனியின் பயோட்டார் லென்ஸைப் பின்பற்றிச் செய்யப்பட்ட 58 மில்லிமீட்டர், எஃப் 2. அதை முழுவதும் திறந்து மரக்கிளைகளுக்கு முன்னே ஓர் ஆளை நிறுத்தி எடுத்தால், இலைகள் எல்லாம் அவரைச் சுற்றிச் சுழல்வதுபோல் தோன்றும். இளைஞர்கள் இதற்காகவே அதை விரும்பி வாங்குகிறார்கள். எனக்கோ பார்க்கப் பார்க்கத் தலைதான் சுற்றுகிறது. ஆளைப் பார்க்க விடாத அலங்காரம் என்ன அலங்காரம்?

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது வட்டத்தின் விளிம்பு. சில லென்ஸ்களில் கலங்கல் வட்டம் நடுவில் ஒளிர்ந்து விளிம்பில் கரைந்து போகும். சிலவற்றில் விளிம்பு வளையல்போல் பிரகாசித்து நடு மங்கும். லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிரும் நடுவில் நுழையும் கதிரும் ஒரே இடத்தில் கூடாமையால் விளையும் குறை இது. அந்தக் குறையைத் திருத்தும்போது தேவைக்கு மேல் திருத்திவிட்டால் பின்னணியில் வளையல் விளிம்பு தோன்றிவிடும். வளையல் விளிம்புடைய லென்ஸில் பின்னணியிலுள்ள ஒரு கம்பி, ஒரு கிளை, ஒரு புல் எதுவாயினும் இரண்டு இரண்டு கோடுகளாகத் தெரியும். ஜப்பானியர் இதனை 'நிசென் பொகே', அதாவது இரட்டைக் கோட்டுக் கலங்கல் என்பர். பின்னணியில் வெற்றுச் சுவர் இருந்தால் இது தெரியவே தெரியாது. முள்வேலியோ சன்னல் கம்பியோ இருந்தால் கண்ணைக் குத்தும். ஆகவே கலங்கலின் அழகு லென்ஸில் பாதி, பின்னால் என்ன இருக்கிறது என்பதில் பாதி.

இவை யாவும் எனக்கு வெறும் கேமரா நுட்பமாக இல்லாமற் போனதற்கு எங்கள் வீட்டுப் படம் ஒன்றே காரணம். 1990களின் நடுவே, ஒரு பெருநாள் மாலையில் எடுத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா, லாத்தாவின் மகளை முற்றத்தில் நிறுத்தி எடுத்தார். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. புதுப் பாவாடை, கையில் வளையல், வாய் நிறைய வட்டிலப்பம். அவள் இமையின் மயிர்கூடத் தெளிவாக இருக்கிறது. அவளுக்குப் பின்னால், உள்வாசல் நிலையருகே, வெள்ளையாக ஓர் உருவம். அது எங்கள் நன்னி.

நன்னி தம் வாழ்நாளில் ஒருமுறையும் படத்துக்கு நின்றதில்லை. கேமராவைக் கண்டால் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்கள். பிள்ளையை எடுக்கிறார்கள் என்று எண்ணி அன்று வாசலில் நின்றுவிட்டார்கள்போலும். அடுத்த ஆண்டு மறைந்தார்கள். எங்களிடம் இருப்பது அந்த ஒரு வெள்ளைக் கலங்கல்தான்.

அந்த வீடு இன்றும் இருக்கிறது. முற்றத்தை அளந்து பார்த்தேன். பிள்ளை நின்ற இடத்திலிருந்து உள்வாசல் 4 மீட்டர். மாமா பிள்ளையிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றிருக்க வேண்டும். லென்ஸ் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8, மஃரிபு நெருங்கும் நேரமாதலால் முழுவதும் திறந்திருந்தார். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: துளையின் விட்டத்தை, முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, கேமராவுக்கும் முன்னால் நிற்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 28ஐ 4ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 56. அதாவது நன்னியின் முகத்திலிருந்த ஒவ்வொரு புள்ளியும் ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் அகன்ற வட்டமாகப் பரவி, பக்கத்துப் புள்ளிகளோடு கலந்துவிட்டது. மனிதரின் ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் இடைவெளியே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். கண்ணும் மூக்கும் வாயும் ஒன்றாகிவிட்டன.

எஃப் 8இல் எடுத்திருந்தால் அந்த 56 மில்லிமீட்டர் பன்னிரண்டரையாகக் குறைந்திருக்கும். முகம் தெரிந்திருக்கும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகியிருக்கும். விநாடியில் அறுபதில் ஒரு பாகத்துக்குத் திறந்த கதவை மூன்றில் ஒரு பாகத்துக்குத் திறந்து வைக்க நேர்ந்திருக்கும். வட்டிலப்பம் தின்னும் மூன்று வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் நிற்குமா? மாமாவைக் குறை சொல்ல இடமில்லை. அவர் எடுக்க வந்தது பிள்ளையை, பிள்ளை கிடைத்தாள்.

சென்ற ஆண்டு மருமகன் அந்தப் படத்தைத் தன் கைப்பேசியிலுள்ள ஒரு செயலியில் இட்டான். செயற்கை நுண்ணறிவு மங்கிய முகங்களைத் தெளிவாக்கும் என்றான். சில விநாடிகளில் வெள்ளைக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு மூதாட்டியின் முகம் எழுந்து வந்தது. சுருக்கங்கள், கண்கள், மெல்லிய புன்னகை எல்லாம் துல்லியமாக இருந்தன. ஆர்வத்தோடு உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்க உம்மா இல்லையே வாப்பா!" என்றார்கள்.

அவன் முகம் வாடிவிட்டது. தவறு அவனுடையதன்று. கலங்கல் சிறிதாக இருந்தால் கணக்கின் துணையால் ஓரளவு சீர்செய்ய இயலும். ஐந்தரை சென்டிமீட்டர் பரவி, பிலிமின் மணல்துகள்களுக்குள் அமிழ்ந்துபோன ஒன்றை மீட்க வழியில்லை. அங்கே இல்லாததை எந்தக் கருவியும் எடுத்துத் தர முடியாது. இலட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய அந்தச் செயலி, 'இவ்விடத்தில் இப்படியொரு முகம் இருக்கக்கூடும்' என்று ஒன்றை வரைந்து வைத்துவிட்டது. யாரோ ஒரு மூதாட்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது!

பிறகு உம்மா பழைய படத்தைக் கேட்டு வாங்கினார்கள். "இதுதான் உம்மா. நிலையில கைய வச்சுக்கிட்டு தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு நிக்கிறாங்க பாரு" என்றார்கள். மெய்தான். கண்ணும் மூக்கும் இல்லை. நிற்கும் நிலை அப்படியே இருக்கிறது. அதே படத்தில் வலப்புறத்துச் சன்னல் கம்பிகள் இரண்டிரண்டாகப் பிளந்து அசிங்கமாய்த் தெரிகின்றன. அந்த லென்ஸ் இரட்டைக் கோட்டு வகை. நன்னி அந்தச் சன்னலருகே நின்றிருந்தால் கோடுகள் அவர்களைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கும். அவர்கள் நின்றதோ இருண்ட உள்வாசலுக்கு முன்னே. வெள்ளைத் துப்பட்டியின் ஓரம் இருளுக்குள் மெல்லக் கரைந்து, உருவம் முழுதாய்த் தங்கிவிட்டது. மருமகன் தன் கைப்பேசியிலிருந்த புதுப் படத்தை அழித்துவிட்டான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தான்.

இக்காலக் கைப்பேசிகளின் சங்கதி தனி. அவற்றின் லென்ஸ் குவிய தூரம் 6, 7 மில்லிமீட்டர் அளவே. எஃப் 1.8 என்று பெருமையாக எழுதியிருந்தாலும் துளை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். நம் கணக்குப்படி மிளகைவிடச் சிறியது. அதனால் பின்னணி தானாகக் கலங்காது. 2016இல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களைக் கொண்டு தூரத்தை அளந்து, ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கணக்கால் கலக்கிக் காட்டியது. அடுத்த ஆண்டு கூகுளின் பிக்சல் 2 ஒரே லென்ஸைக் கொண்டு அதைச் செய்தது. இன்று எளிய விலைக் கைப்பேசியிலும் அந்த வசதி இருக்கிறது. எங்கே முகம் முடிகிறது, எங்கே பின்னணி தொடங்குகிறது என்பதை அது ஊகிக்கிறது. ஊகம் தடுமாறும் இடங்களைக் காண வேண்டுமானால் பின்னல் தொப்பி அணிந்த பிள்ளையை எடுத்துப் பாருங்கள். தொப்பியின் கண்களுக்குள் பின்சுவர் கலங்காமல் எட்டிப் பார்க்கும்; மூக்குக் கண்ணாடியின் ஓரம் அரைகுறையாகக் கரைந்திருக்கும். இதில் ஒரு நன்மையும் உண்டு. பல கைப்பேசிகள் கலக்காத மூலப் படத்தையும் சேர்த்தே வைத்திருக்கும்; விரும்பினால் கலங்கலை நீக்கிவிடலாம். பின்னால் நின்ற நன்னி திரும்பி வருவார்கள். லென்ஸ் கலக்கியதில் அது நடவாது. எனவே வீட்டுக் கைப்பேசியில் அந்த மூலப் படங்களை இடம் அடைக்கின்றன என்று அழித்துவிடாதீர்கள்.

கலங்கலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குப்பைத் தொட்டியும் மின்கம்பமும் பின்னால் இருந்தால் எஃப் 1.8 ஒரு வரப்பிரசாதம். குழந்தை ஒன்றைத் தனியாக எடுக்க எஃப் 2.8 எனக்குப் பிடித்தமானது: இமை முதல் காது வரை தெளிந்து, பின்னே இருப்பது இன்னதென்று ஓரளவு புலப்படும். வீட்டில் இருவர் மூவர் சேர்ந்திருந்தால் எஃப் 4. அதற்கு மேல் ஆள் கூடினால் 5.6. வெளிச்சம் போதாதெனில், டிஜிட்டல் கேமராவில் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளலாம். படத்தில் சற்றே பொரி பொரியாகத் தெரியும், தெரிந்தால் தெரியட்டும். மாமாவின் பிலிமில் அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

இவ்வாண்டு மதரஸா ஆண்டு விழாவில் குழுப்படம் எடுக்க ஸ்டூடியோத் தம்பி வந்திருந்தார். பிள்ளைகளை மூன்று வரிசையாக நிறுத்தினோம். கேமராவிலிருந்து 5 மீட்டர். "பின்னாடி எல்லாத்தையும் ப்ளர் பண்ணிடறேன் ஹஜ்ரத், சூப்பரா இருக்கும்" என்று அவர் எஃப் 1.8க்குத் திறந்தார். 5.6 வைக்குமாறு கேட்டுக்கொண்டேன். என்னைச் சற்று விசித்திரமாகப் பார்த்துவிட்டு வைத்தார். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 5 மீட்டருக்குக் கூர்மை வைத்து எஃப் 5.6 என்றால், ஏறக்குறைய மூன்றே முக்கால் மீட்டரிலிருந்து ஏழரை மீட்டர் வரை தெளிவாக விழும். கடைசி வரிசைப் பையனின் காதும் தப்பாது.

பிள்ளைகளுக்கு 4 மீட்டர் பின்னே, ஹவுளின் ஓரத்தில், எங்கள் மோதினார் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. படத்துக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார். துளை 9 மில்லிமீட்டர். 4ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் ஏழு மில்லிமீட்டர்க் கலங்கல். படம் அச்சாகி வந்திருக்கிறது. தாடியும் புருவமும் தெரிகின்றன. குவளையை ஊதிக் குடிக்க உதடு குவித்திருப்பதும் தெரிகிறது.